தாலியைக் கழட்டலாமா, நோன்புல சுகர் பார்க்கலாமா: நர்ஸுங்க கேட்ட கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விங்க முக்காவாசி ஒரே மாதிரி, "பேஷண்ட் அவங்க வழக்கத்தை விட மாட்டேங்கறாங்க, நாங்க என்ன பண்றது"ன்னு. நான் எல்லாருக்கும் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், நீங்க சொல்றதுல எது நிஜமாவே மருத்துவத்துக்கு வேணும், எது நம்ம வசதிக்கு? முதல் வகையில விட்டுக்கொடுக்காதீங்க, ரெண்டாவதுல தாராளமா கொடுங்க.

தியேட்டருக்கு அனுப்பும்போது தாலியைக் கழட்ட சொன்னா அழறாங்க, மாமியார் சண்டைக்கே வர்றாங்க. என்ன பண்ணலாம் சிஸ்டர்? (ஸ்டாஃப் நர்ஸ், திண்டுக்கல்)

செக்லிஸ்ட்ல இருக்குன்னு சொன்னா யாரும்மா ஒத்துக்குவாங்க, காரணத்தை சொல்லுங்க. காட்டரி (ரத்தக்கசிவை கரண்ட் சூட்டால அடைக்கற கருவி) போடும்போது உடம்புல உலோகம் இருந்தா அந்த இடம் சுட்டுப் புண்ணாகலாம், மயக்க டாக்டருக்கு கழுத்துல இடம் வேணும், தொலைஞ்சா யார் பொறுப்பு. இதுல பாதி மஞ்சள் கயித்துக்கு பொருந்தவே பொருந்தாது பாருங்க! அதனால முந்தின நாள் சாயங்காலமே சொல்லிடுங்க, வீட்லயே ஒரு கயித்துல மஞ்சள் கிழங்கு கட்டி எடுத்துட்டு வந்துடுவாங்க, மாமியார் அதை முதல்ல கட்டிவிட்டுட்டு அப்புறம் தங்கத்தை கழட்டி முந்தானையில முடிஞ்சுக்குவாங்க, கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையா இருக்காது. சண்டை வர்றது எப்பன்னா ஸ்ட்ரெச்சர் வாசல்ல நிக்கும்போது "சீக்கிரம் கழட்டும்மா"ன்னு கத்தறப்பதான். தைராய்டு மாதிரி கழுத்துலயே ஆபரேஷன்னா கயிறும் கூடாது, அப்ப மணிக்கட்டுல கட்டலாமான்னு தியேட்டர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

வேலூர், சென்னை பக்கம் வேலை பாக்கறவங்களுக்கு இன்னொண்ணு. அங்க வைத்தியத்துக்கு வர்ற பெங்காலி சுமங்கலிங்க கையில வெள்ளை சங்கு வளையல், சிவப்பு வளையல், கூடவே ஒரு இரும்பு வளையும் இருக்கும். கை வீங்கி மாட்டிக்கிச்சுன்னு சங்கு வளையலை பட்டுனு உடைச்சிடாதீங்க, அது உடையறது அவங்களுக்கு புருஷனுக்கே ஆகாதுங்கற மாதிரி. ஜெல் தடவி மெதுவா உருவுங்க, பேஷண்டையே உருவச் சொன்னா இன்னும் நல்லது.

58 வயசுக்காரர், சுகர், கால் புண்ணுக்கு அட்மிட் ஆகியிருக்கார். நோன்பை விட மாட்டேங்கறார். ஊசி குத்தி சுகர் பார்த்தா நோன்பு முறிஞ்சிடும்னு விரலைக்கூட தர மாட்டேங்கறார். (பிரதர், ராமநாதபுரம்)

நோயாளிக்கும் பயணத்துல இருக்கறவங்களுக்கும் நோன்புல சலுகை உண்டு, குர்ஆன்லயே இருக்கு, குணமானதும் வேற நாள்ல வச்சுக்கலாம், தீராத நோயாளின்னா ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு சாப்பாடு கொடுத்து ஈடு செய்யலாம். ஆனா தம்பி, இதை நீங்க போய் சொன்னா அவருக்கு எரிச்சல்தான் வரும், அவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு போன் போட்டு டாக்டரையும் பேச வைங்க. விரல்ல குத்தி சுகர் பாக்கறதால நோன்பு முறியாது, இன்சுலினாலயும் முறியாதுன்னுதான் பெரும்பாலான ஆலிம்கள் சொல்றாங்க, குளுக்கோஸ் ட்ரிப் வேற கதை, அது சாப்பாட்டுக்கு சமம்.

புண்ணுல இன்ஃபெக்ஷனோட படுத்திருக்கற சுகர் பேஷண்ட் நோன்பு வைக்கறது ரிஸ்க்தான், அதை மழுப்பாம சொல்லிடுங்க. அப்பவும் வைப்பேன்னா சுகர் 70க்கு கீழ போனாலோ 300க்கு மேல ஏறினாலோ நோன்பை விடணும்னு முதல் நாளே பேசி கேஸ் ஷீட்ல எழுதி வைங்க, நடுவுல வந்து வாதாடாதீங்க. மாத்திரை, இன்சுலின் டோஸ் எல்லாம் டாக்டர் மாத்தி எழுதணும், காலை டோஸை நீங்களா சாயங்காலத்துக்கு தள்ளிடாதீங்க. கேன்டீன்ல சஹருக்கு, அதாவது விடியறதுக்கு முன்னாடி, சாப்பாடு கிடைக்குமான்னும் பாருங்க, நிறைய இடத்துல இதைத்தான் யாரும் யோசிக்கறதில்ல, மனுஷன் வெறும் தண்ணியை குடிச்சுட்டு நோன்பு ஆரம்பிச்சிடறார்.

ஒரு பெரியவர் "நீ எந்த ஆளுங்கம்மா"ன்னு கேட்டுட்டு என்னை டிரெஸ்ஸிங் பண்ண விட மாட்டேங்கறார். இன்சார்ஜ் "அவங்க வழக்கம், விட்டுடு, வேற ஆள் போகட்டும்"ங்கறாங்க.

இது வழக்கம் இல்ல, தீண்டாமை. அரசியல் சட்டம் 17வது பிரிவுல ஒழிச்சாச்சு. ஒரு பொண்ணு தனக்கு பெண் நர்ஸ் வேணும்னு கேட்டா முடிஞ்சவரை மாத்திக் கொடுக்கறோம், அது கூச்சம். ஜாதி பாத்து ஆளை மாத்தினா அந்த வார்டு முழுக்க அதுக்கு நாம கையெழுத்து போட்டுக் கொடுத்த மாதிரி. இன்சார்ஜ் போய் "இவங்கதான் உங்க சிஸ்டர், இவங்கதான் பண்ணுவாங்க"ன்னு சொல்லணும், அது அவங்க வேலை. அதுக்கும் வேண்டாம்னா மறுத்துட்டார்னு எழுதி டாக்டருக்கு சொல்லுங்க. உங்க கேள்வியில நீங்க மன்னிப்பு கேட்டிருக்கீங்க, எதுக்கும்மா?

ஜார்க்கண்ட்ல இருந்து வந்த அம்மா, கூட இருக்கற 12 வயசு பேத்திதான் எல்லாத்தையும் மொழிபெயர்க்கறா. பரவாயில்லையா?

தண்ணி வேணுமா, வலிக்குதா, இதுக்கெல்லாம் ஓகே. கன்சென்ட், நோய் என்னன்னு சொல்றது, மாதவிடாய், வீட்ல அடி உதை மாதிரி கேள்விக்கெல்லாம் பிள்ளையை நிறுத்தாதீங்க, பெரிய சொந்தக்காரங்களும் வேண்டாம், அவங்க வடிகட்டித்தான் சொல்லுவாங்க. மொழி தெரிஞ்ச ஸ்டாஃப் இல்லன்னா போன்லயாவது ஒருத்தரை பிடிங்க. பேத்தியை பாக்காம அந்த அம்மா முகத்தைப் பார்த்து சின்ன சின்ன வாக்கியமா பேசுங்க, முடிச்சுட்டு புரிஞ்சதை அவங்களையே திருப்பி சொல்லச் சொல்லுங்க, தலையாட்டறதை நம்பாதீங்க.

யெகோவாவின் சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவு பேஷண்ட், ரத்தம் ஏத்த வேண்டாம்னு கார்டு காட்டறாங்க.

தெளிவா இருக்கற பெரியவங்க மறுக்கலாம், அது அவங்க உரிமை. முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட், பிளாஸ்மா வேண்டாம்பாங்க, ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் மாதிரி ரத்தத்துல இருந்து பிரிச்செடுத்த புரதமெல்லாம் அவரவர் முடிவு, அதனால தனியா வச்சு ஒவ்வொண்ணா டாக்டர் கேட்டு எழுதணும். குழந்தைன்னா கணக்கே வேற, உடனே டாக்டருக்கும் நிர்வாகத்துக்கும் சொல்லிடுங்க.

பிரசவ வார்டுல பாட்டிங்க குழந்தைக்கு சேனை வைக்கறாங்க, தேனும் சர்க்கரைத் தண்ணியும். தடுத்தா கோவம்.

தேன் கண்டிப்பா கூடாது, பொட்டுலிசம்ங்கற கிருமி விஷ நோய் வரலாம், ஒரு வயசு முடியற வரைக்கும் தொடவே வேண்டாம். சர்க்கரைத் தண்ணியும் வேண்டாம். ஆனா பாட்டிக்கு முக்கியம் தேன் இல்ல, குடும்பத்துல நல்லா வாழ்ந்த ஒருத்தர் கையால முதல் துளி போகணும், அவங்க குணம் பிள்ளைக்கு வரணும், அவ்வளவுதான். கையை சோப்பு போட்டு கழுவ சொல்லி, அம்மாவோட சீம்பாலை ஒரு சொட்டு அவங்க விரலாலேயே உதட்டுல வைக்க விடுங்க, உடனே மார்ல போடுங்க, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள பால் குடிச்சாகணும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு தேன் விஷயத்தை அம்மாகிட்ட மட்டும் சொல்லாம பாட்டிகிட்டயும் தனியா சொல்லுங்க, வீட்டுக்குப் போனப்புறம் பாட்டில் திறக்கறது அவங்கதான்.