ஆறு வாரத்துல அஞ்சு வருஷத்தை எப்படிப் பார்க்கிறது?

கேள்வி: சார், ஓசூர் சிப்காட்ல ஒரு சின்ன யூனிட்ல குவாலிட்டி பார்க்கிறேன், எல்ஈடி தெருவிளக்குக்கு டிரைவர் போர்டு (விளக்குக்குச் சரியான கரன்ட் குடுக்கிற சர்க்யூட்) பண்றோம். அஞ்சு வருஷம் தாங்கும்னு காட்டுங்கனு கஸ்டமர் கேக்கிறார். கையில 21 போர்டு, மூணு ஓவன், ஆறு வாரம் டைம். எல்லாத்தையும் 85 டிகிரில போட்டுடலாம்னு முதலாளி சொல்றார். சரியா?
(வாசகர், ஓசூர்)

பதில்: தம்பி, முதல்ல கணக்கு. ராத்திரிக்கு 12 மணி நேரம் எரிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு 21,900 மணி நேரம். உங்க ஆறு வாரம் சுமாரா 1,000 மணி நேரம். ஓடும்போது போர்டு 40 டிகிரில இருக்குனு வெச்சுக்குவோம், 85ல போட்டா எத்தனை மடங்கு வேகமா வயசாகும்? இதுக்குத்தான் அர்ரீனியஸ் சூத்திரம், அதுல ஆக்டிவேஷன் எனர்ஜினு ஒண்ணு வரும் (வெப்பம் ஏறினா சேதம் எவ்வளவு வேகமாகும்னு சொல்ற நம்பர்), எல்லாரும் கண்ணை மூடிட்டு 0.7 எலக்ட்ரான் வோல்ட் போடுவாங்க. போட்டா 26 மடங்கு, 26,000 மணி நேரம், பாஸ். ஆனா அது 0.5ஆ இருந்தா வெறும் 10 மடங்கு, ரெண்டரை வருஷம்கூட வராது. 0.9னா 66 மடங்கு. உங்க மொத்தப் பதிலும் அந்த ஒரு நம்பர்லதான் தொங்குது, அத்தனை போர்டையும் 85லயே போட்டா அந்த நம்பரைப் பத்தி டெஸ்ட் உங்களுக்கு ஒண்ணுமே சொல்லாது.

அதான் ரெண்டு மூணு வெப்பத்துல பிரிச்சுப் போடணும். 1985ல மீக்கர், ஹான்னு ரெண்டு புள்ளியியல்காரங்க சொன்ன 4:2:1னு ஒரு வழி இருக்கு, குறைஞ்ச வெப்பத்துல நிறைய, உச்சத்துல கொஞ்சம். உங்களுக்கு 65ல 12, 75ல 6, 85ல 3. ஆனா 65ல ஆயிரம் மணி நேரத்துல ஒண்ணுகூட போகாம இருக்கலாமே, அப்ப என்ன பண்றது? இங்கதான் பேயீசியன் பிளானிங், அதாவது முன்னாடியே தெரிஞ்சதையும் கணக்குல சேர்த்துத் திட்டம் போடுறது, கைகொடுக்கும். எனர்ஜி 0.5ல இருந்து 0.9க்குள்ள எங்கயோனு உங்க அனுபவத்தை எழுதிக்கோங்க, வெய்புல் ஷேப்புக்கும் (போர்டுங்க எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்துல போகுமா, முன்னப்பின்ன போகுமானு சொல்ற நம்பர்) அப்படியே. அதுல இருந்து ஒரு ஜோடி நம்பரை எடுத்து, லேப்டாப்லயே 21 போர்டை "எரிச்சு", கடைசியில ஆயுள் மதிப்பு எவ்வளவு அகலமா சிதறுதுனு பாருங்க, ஆயிரம் தடவை. அப்புறம் 12-6-3க்குப் பதிலா 10-0-11 வெச்சுப் பாருங்க, மொத்தமும் 85ல வெச்சுப் பாருங்க. சராசரியா சிதறல் எதுல கம்மியோ அதான் உங்க பிளான். 2006ல யாவோ ஜாங்கும் மீக்கரும் இதை முறையா எழுதியிருக்காங்க. போர்டுல இருக்கிற இதே கெப்பாசிட்டர்ல (மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பாகம்) முன்னாடி டெஸ்ட் பண்ணி எனர்ஜி நல்லா தெரியும்னா பிளான் தானா சூடான பக்கம் சாயும், அப்ப முதலாளி சொன்னதும் சரிதான்.

ஒண்ணு மட்டும் கவனம். நம்ம கிருஷ்ணகிரில மாங்காயை வைக்கோல்ல மூடி வெச்சா சீக்கிரம் பழுக்கும், அதையே அடுப்புல வெச்சா பழுக்காது, வெந்துடும். 85ல போர்டு போனா எதனால போச்சுனு பாருங்க. பவரை எடுத்து, டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தலையை விரலால தடவுங்க. தட்டையா இருக்க வேண்டியது மேடு கட்டியிருந்தா அது தெருவுலயும் நடக்கிற சாவுதான். பிளாஸ்டிக் இளகி கனெக்டர் கழண்டிருந்தா அந்த ரீடிங்கை ஆயுள் கணக்குல ஃபெயிலியரா சேர்க்காதீங்க, அது வரைக்கும் ஓடின நேரம் மட்டும் கணக்கு.

கேள்வி: முன்கூட்டியே நாமளே ஒரு நம்பரை நம்பி ஆரம்பிச்சா அது ஏமாத்து வேலை இல்லையா?
(வாசகி, தருமபுரி)

பதில்: நியாயமான கேள்விங்க. பிளான் போடுறதுக்கு நம்ம நம்பிக்கையைத் தாராளமா வெச்சுக்கலாம், தப்பா இருந்தா நம்ம ஓவன் நேரம்தான் வீண். ரிசல்ட் எழுதும்போது கஸ்டமர் ஒத்துக்கிற அளவுக்கு மட்டும் வெச்சுக்கோங்க, மத்ததைத் தளர்த்தி விடுங்க. எந்த நம்பரை எதை வெச்சு எடுத்தீங்கனு ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயே போட்டுடுங்க.