நெரிசலில் பேட்டரி தீர்ந்துவிடுமா?

வணக்கம். தீபாவளி முடிந்து மதுரையிலிருந்து திரும்பும்போது, மின்சாரக் காரின் 40 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரியில் 15 சதவீத மின்சாரத்துடன் செங்கல்பட்டை அடைந்தால், தாம்பரம் நெரிசலில் நடுவழியில் நின்றுவிடுவோமா என்று கேட்டிருந்தீர்கள்.

உங்களிடம் அப்போது 6 யூனிட் இருக்கும். வண்டி நிற்கையில் மோட்டார் மின்சாரம் இழுப்பதில்லை. ஏசி மட்டும், உள்ளே ஒருமுறை குளிர்ந்தபின், மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். தாம்பரம் வரையிலான சுமார் 30 கிலோமீட்டருக்கு 4 யூனிட், இரண்டு மணி நேர ஏசிக்கு 2 யூனிட் என்று கூட்டினால் கணக்கு விளிம்பில்தான் நிற்கிறது. ஊர்ந்து செல்கையில் செலவு குறையும் என்றாலும் அதை நம்பி இறங்க வேண்டாம். திண்டிவனம் பக்கம் 30 கிலோவாட் வேகச் சார்ஜரில் 20 நிமிடம் நிறுத்தினால் 10 யூனிட் ஏறிவிடும்.

உண்மையில் பேட்டரியைத் தின்பது நெரிசல் அன்று, அதற்கு முந்தைய வேகம்தான். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. விழுப்புரம் தாண்டி அப்படி ஓட்டியபோது, என் காரின் திரையில் காட்டிய, இன்னும் ஓடக்கூடிய தூரம், கடந்த தூரத்தைவிட விரைவாகக் குறைந்தது.

பெருங்களத்தூரில் பேருந்துகள் வண்டிகள் ஓடும் சாலையிலேயே நின்று ஆள் இறக்குவது பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. பேருந்து ஒதுங்கி நிற்கத் தனி வளைவு இல்லாத இடத்தில் ஓட்டுநரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.