படியாள் வீட்டு அடுப்பு எப்போது எரிந்தது?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கம் பண்ணைகளில் படியாளாக, அதாவது தானியப் படியைக் கூலியாக வாங்கும் பண்ணையாளாக, இருந்தவர்கள் ஒரு கவலையும் இல்லாமல் வாழ்ந்தார்கள், படி, துணி, கல்யாணச் செலவு எல்லாவற்றையும் பண்ணைக்காரரே பார்த்துக்கொண்டார், வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்தினார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இன்றைய கூலிக்காரர்களுக்கு அந்த நிம்மதி உண்டா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: படி அளந்தது உண்மை. பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுத்ததும், கல்யாணத்துக்குப் பணம் கொடுத்ததும் உண்மை. ஆனால் இதைச் சொன்ன பெரியவர்கள் படியை அளந்த வீட்டுக்காரர்களா, முந்தானையில் வாங்கிய வீட்டுக்காரர்களா? அதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வேலூர், குடியாத்தம் எல்லாம் அடங்கிய அன்றைய வட ஆற்காட்டில் பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை ஏரிப் பாசனம், அப்புறம் கிணறுதான் கதி. கிணறு என்றால் கவலை ஓட்ட வேண்டும், அதாவது மாடு பூட்டிச் சால் என்கிற பெரிய வாளியால் தண்ணீர் இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றம் இறைக்க வேண்டும். விடிவெள்ளி முளைக்கும்போதே படியாள் மாட்டைப் பூட்டி, கிணற்றில் சால் இறக்கிவிடுவார். வெயில் ஏறினால் மாடு தாங்காது, அதனால் அந்த நேரம். வெயில் ஏறியதும் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டுவார்கள். ஆளுக்கு அதன்பிறகு மடை திருப்புவது, வரப்பு வெட்டுவது, தழை மிதிப்பது என்று பொழுது சாயும்வரை வேலை இருக்கும்.

அதே விடியற்காலையில் அவர் மனைவி பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருப்பார். கொட்டகையைக் கூட்டுவது, வரட்டி தட்டுவது எல்லாம் அவர் வேலை, இதற்குத் தனிக் கூலி கிடையாது. பிறகு நடவு, களை, அறுப்பு. அதற்குக் கூலி உண்டு, ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பையனுக்கு ஏழெட்டு வயது வந்தால் மாட்டின் பின்னால் போவான், கூழுக்கும் வருஷத்துக்கு ஒரு துணிக்கும். பேசி அமர்த்தியது ஒரு ஆளை, வேலைக்கு வந்தது ஒரு குடும்பம்.

பொழுது சாய்ந்ததும் படி அளப்பார்கள். பெரும்பாலும் கேழ்வரகு, சில நாள் கம்பு. படி ஊருக்கு ஊர் வேறு. ஒரே படியிலும் கோபுரமாக அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் ஒரு குழந்தையின் வயிறு அளவுக்கு வித்தியாசம். அதை முந்தானை ஏந்தி நின்ற பெண்ணுக்குத்தான் தெரியும். களத்தில் பொலியை, அதாவது தூற்றிக் குவித்த நெல்லை, அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள், 'லாபம்' என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அந்தக் கதிரை அடித்துத் தூற்றிய குடும்பம், பொலி வண்டியேறிய பிறகு களத்தில் ஒட்டிக்கிடந்த மண்ணும் கருக்காயுமான நெல்லைக் கூட்டி முறத்தில் புடைத்து எடுத்துக்கொள்ளும்.

தானியம் கைக்கு வந்துவிட்டால் சாப்பாடு வந்துவிட்டதாக ஆகாது. எங்கள் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் ஓர் ஏந்திரக் கல் கிடந்தது. பள்ளி விடுமுறையில் ஒரு தடவை, விளையாட்டாக, கேழ்வரகைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். கால் படி மாவாவதற்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது, தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து களை பறித்துவிட்டு வந்த பெண், இருட்டிய பிறகு தினம் அந்தக் கல்லைச் சுற்றினார். மாவைச் சலித்து, பொறுக்கி வந்த சுள்ளியைப் பற்றவைத்து, களி கிண்டி இறக்குவதற்குள் பிள்ளைகள் தூங்கிப்போயிருக்கும். எழுப்பி உட்காரவைத்து ஊட்ட வேண்டும். மிச்சக் களியைத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் கரைத்துக் கூழ். தொட்டுக்கொள்ள வரப்பில் பறித்த கீரை, மழைக்குப் பிறகு நண்டு, நத்தை, ஏரி வற்றும்போது மீன், அறுப்புக் காலத்தில் வயல் எலி. அந்தக் காலத்தில்தான் இந்தப் பக்கப் புன்செய்க் கொல்லைகளில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பரவியது. காயைப் பிடுங்கிக்கொண்டு போன கொல்லையில் மண்ணைக் கிளறி, தப்பிய காயைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றன. நெல்லுச் சோறு என்றால் நல்ல நாள், பெரிய நாள்.

வீட்டுப் பிள்ளை மாதிரி என்கிறீர்கள். வீட்டுப் பிள்ளை வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடும். படியாள்களில் பெரும்பாலானவர்கள் சேரிக்காரர்கள். அவர்களுக்குக் கூழ் மாட்டுக்கொட்டகை ஓரத்தில், அவரவர் கொண்டுவந்த கலயத்தில், கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றப்பட்டது. பயிருக்கு நூறு சால் தண்ணீர் இறைத்த மனிதர், ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றில் ஒரு செம்பு மொள்ள முடியாது. பல ஊர்களில் அவர் குடிசை நின்ற மண்ணும் பண்ணைக்காரருடையது. கோபம் வந்தால் வேலையோடு வீடும் போகும். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் இது புராண காலத்துக் கதை இல்லை, என் பாட்டி கண்ணால் பார்த்த காலம்.

அப்புறம் கல்யாணக் கடன். வட்டியே வாங்கவில்லை என்று இன்றும் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். கடன் தீரும்வரை வேறு பண்ணைக்குப் போகக் கூடாது என்பதுதான் அதன் நிபந்தனை. வயிற்றுக்கே போதாத படியில் எதை மிச்சம் பிடித்துக் கடனை அடைப்பது? பையனுக்குக் கல்யாண வயது வரும்போது அப்பா கடன் அப்படியே நிற்கும், அதன்மேல் பையன் கடன் ஏறும், பையனும் அதே கிணற்றில் சால் இறக்குவான். 1843-லேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆகிவிட்டது. இந்தக் கடன் கட்டுக்குப் பெயர் வைத்துத் தடை செய்யும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல்தான் வந்தது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை இல்லாத கோடை மாதங்களிலும் படியாளுக்கு ஏதோ ஒரு படி வரும், தினக்கூலிக்காரருக்கு அது கிடையாது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மாவட்டம் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. கடன் சீட்டில் கைநாட்டு வைத்ததற்கு அந்தப் பஞ்சப் பயமே காரணம். அதை நிம்மதி என்று நான் சொல்ல மாட்டேன்.

நிம்மதி இருந்திருந்தால் ஏன் கிளம்பிப் போனார்கள்? உங்கள் குடியாத்தத்தில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டை வழியாகக் கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் கொஞ்சநஞ்சமா? பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், பாறை வெடித்துச் சாகலாம் என்று தெரிந்தே இறங்கினார்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், 1903 முதல் 1916 வரை ஃபிஜிக்கும் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். அங்கேயும் சவுக்கடியும் சாவும் இருந்தன. ஆனால் ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதச் சம்பளம் ரொக்கமாக என்று சொன்னார்கள். கடலையே பார்த்திராத ஒரு குடும்பம் அதை நம்பிக் கிளம்புகிறது என்றால், விட்டுப்போன இடம் எப்படி இருந்திருக்கும்?

இன்றைய கூலிக்காரருக்கு ஆயிரம் கஷ்டம் உண்டு, அதை இன்னொரு வாரம் விரிவாக எழுதுகிறேன். ஆனால் இன்று சாயங்காலம் காசை வாங்கிக்கொண்டு, நாளைக்கு வேறு கொல்லைக்குப் போகிறேன் என்று அவர் சொல்லலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துப் படியாளால் அதைச் சொல்ல முடியாது.

உங்கள் ஊரில் படி வாங்கிய வீட்டுப் பாட்டி ஒருவராவது இருப்பார். போய் உட்கார்ந்து, அவருடைய மாமியார் ராத்திரி எப்போது அடுப்பு மூட்டுவார், எப்போது படுப்பார் என்று கேட்டு எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.