கத்தி, அரிவாள்மனை, சாணைக்கல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லில் கால் மணி நேரம் தேய்த்த பிறகும் கத்தி தக்காளித் தோலில் வழுக்குகிறது. எங்கே தவறு? (சிங்கப்பூர் ஈசூன் வாசகி)

இரண்டில் ஒன்று. ஒன்று, கல் கத்தியின் விளிம்பைத் தொடவே இல்லை. கத்தியை மிகவும் படுக்க வைத்தால் விளிம்புக்கு மேலே உள்ள சரிவு மட்டும் தேயும். மழுங்கல் அப்படியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். விளிம்பின் இரு பக்கமும் மை தடவிவிட்டு, கல்லில் இரண்டு முறை மட்டும் இழுத்துப் பாருங்கள். விளிம்பில் மை மிச்சம் இருந்தால் கத்தியின் முதுகைச் சற்று உயர்த்த வேண்டும். விளிம்போரம் மட்டும் மயிரிழை அளவு மை போயிருந்தால் முதுகைத் தாழ்த்த வேண்டும்.

இன்னொன்று பிசிறு. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மெலிந்த உலோகம் மறுபக்கம் மடிந்து ஒரு நூலிழை போல நிற்கும். அது பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை விடுபடாமல் வந்தால்தான் அந்தப் பக்கம் தீட்டி முடிந்தது என்று பொருள். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்கு வெளியே போகும்படி மெல்ல வருடினால் தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டாதீர்கள். பயமாக இருந்தால் பஞ்சால் வருடுங்கள். பிசிறு உள்ள இடத்தில் பஞ்சு சிக்கும். பாதி நீளத்துக்கு மட்டும் பிசிறு வந்த நிலையில் கத்தியைத் திருப்பிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. நுனிப் பக்கம் எப்போதும் பின்தங்கும், அங்கே கூடுதலாகத் தேய்க்க வேண்டும்.

மறுபக்கமும் பிசிறு எழுந்த பிறகு அதை எடுக்க வேண்டும். அழுத்தத்தைக் கத்தியின் சொந்த எடை அளவுக்குக் குறைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பத்து, பிறகு ஐந்து, பிறகு மூன்று, கடைசியில் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இழுங்கள். முடிவில் மடித்த செய்தித்தாளிலோ பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்திலோ, விளிம்பு பின்தொடரும்படி பத்துப் பதினைந்து முறை இழுத்தால் மிச்சமும் போய்விடும். "தீட்டிய அன்று நன்றாக வெட்டியது, மறுநாள் மழுங்கிவிட்டது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிசிறால் வெட்டியவர்கள். அது முதல் வெங்காயத்தோடு மடங்கிவிடும்.

கத்தியைக் கல்லில் எந்தக் கோணத்தில் வைப்பது, 15 பாகையா, 20 பாகையா? அதை எப்படி அளப்பது?

கத்தியின் எஃகைப் பொறுத்தது. ஐரோப்பியப் பாணிக் கத்திகள் பெரும்பாலும் ராக்வெல் என்னும் கடினத்தன்மை அளவில் 55 முதல் 58 வரை. பக்கத்துக்கு 20 பாகை வையுங்கள். ஜப்பானியக் கத்திகள் 60க்கு மேல் போகும். 15 பாகையைத் தாங்கும். மென்மையான எஃகை 15க்குத் தீட்டினால் விளிம்பு சீக்கிரம் மடங்கும். கடினமான கத்தி மடங்காது, எலும்பில் பட்டால் பல்லுப்பல்லாக உதிரும்.

பாகையை உயரமாக மாற்றிக்கொள்ளுங்கள். 45 மி.மீ. அகலமுள்ள கத்திக்கு முதுகு கல்லிலிருந்து 12 மி.மீ. உயர்ந்தால் 15 பாகை, 15 மி.மீ. உயர்ந்தால் 20 பாகை. 85 மி.மீ. அகலமுள்ள சீன வெட்டுக்கத்திக்கு 20 பாகை என்றால் 29 மி.மீ. ஒரு வெள்ளி (டாலர்) நாணயங்களைத் தேவையான உயரத்துக்கு அடுக்கிக் கல்லின் ஓரத்தில் வைத்து, முதல் சில இழுப்புகளுக்கு அதைப் பார்த்துக்கொண்டால் கை பழகிவிடும். ஒரு பாகை கூடக் குறைய இருப்பது பெரிதல்ல, இழுப்புக்கு இழுப்பு மாறாமல் இருப்பதுதான் முக்கியம். ஆட்டுக்கறி எலும்பும் மீன்தலையும் வெட்டும் கனமான கத்தியைப் பக்கத்துக்கு 25 பாகைக்கே தீட்டுங்கள். அந்த வேலைக்கு மெல்லிய காய்கறிக் கத்தியை எடுக்கவே வேண்டாம்.

எத்தனை நம்பர் கல் வாங்குவது?

நம்பர் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். ஒரே ஒரு கல் என்றால் 1000. விளிம்பு உதிர்ந்த கத்திகள் இருந்தால் 400 ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 6000 நம்பர் கல் மீன் துண்டை மெல்லிதாகச் சீவுபவர்களுக்குப் பயன்படும். நம் சமையலுக்கு அவசியமில்லை. 1000 நம்பர் கல் விடும் நுண்ணிய பற்கள்தான் தக்காளித் தோலையும் மிளகாய்த் தோலையும் கவ்வுகின்றன. அளவுக்கு மீறி வழவழப்பாக்கிய மென்மையான எஃகு அவற்றின் மேல் சறுக்கும்.

நீர் உறிஞ்சும் வகைக் கல்லைக் குமிழி அடங்கும்வரை, சுமார் பத்து நிமிடம் ஊறவையுங்கள். நீர் தெளித்தால் போதும் என்று உறையில் எழுதியிருக்கும் கற்களை ஊறப்போடக் கூடாது. சில வகைகள் விரிசல் விடும். தேய்க்கும்போது வரும் சேற்றைக் கழுவித் தள்ளாதீர்கள், வேலையில் பாதி அதுதான் செய்கிறது. முடிந்ததும் நிழலில், காற்றாட இரண்டு நாள் வைத்த பிறகே பெட்டியில் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில், மூடிய பெட்டிக்குள் ஈரக்கல் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய்க் கல்லுக்குச் சமையல் எண்ணெய் ஆகாது. அது பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும்.

கல் நடுவில் குழிந்தால் கோணம் நிற்காது. பென்சிலால் மேற்பரப்பில் கட்டம் போட்டு, மிச்சமான தரை ஓட்டின் மேல் ஒட்டிய 220 நம்பர் வாட்டர் பேப்பரில் நீர் விட்டுத் தேயுங்கள். எல்லாக் கோடும் ஒருசேர மறையும்போது கல் சமமாகியிருக்கும்.

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மனை. தட்டைக் கல் உள்வளைவில் உட்காரவே இல்லை. (உட்லண்ட்ஸ் வாசகர்)

உட்காராது. அரிவாள்மனையின் கூர், வெட்டுபவரைப் பார்த்த உள்வளைவில் இருக்கிறது. தட்டைக் கல்லின் மூலை மட்டும் அங்கே பட்டு, விளிம்பு அலையலையாகிவிடும். சப்பாத்திக் கட்டை போன்ற உருண்டைத் தடியில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை இறுக்கிச் சுற்றி ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே உள்ள துருவியைத் தடித்த துணியால் கட்டுங்கள்; நீங்கள் குனியும்போது அது நேராக முகத்துக்கு வரும். மனைக்கட்டையை இருவர் பிடிக்கலாம், அல்லது மேசையில் கிளாம்ப் போடலாம். காலால் மிதித்துக்கொண்டு தீட்ட வேண்டாம். தடியை முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி இழுங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் விளிம்பு தாளைக் கிழிக்கும், கையும் கூர்விளிம்பை நோக்கிப் போகும். அடியிலிருந்து நுனி வரை விரலளவு விரலளவாக நகருங்கள். பிசிறு வந்ததும் மறுபக்கம். பிறகு 1000 நம்பர் தாளில் அதே வேலை. உங்கள் அலகில் ஒரு பக்கம் மட்டும் சரிவு இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தீட்டி, மறுபக்கம் பிசிறை மட்டும் தட்டையாக எடுங்கள்.

அலகு கட்டையில் ஆடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மழுங்கிய அரிவாள்மனையைவிட ஆடுகிற அரிவாள்மனைதான் கையை வெட்டும். ஆடினால் கடினமரச் சீவல் ஒன்றை ஆப்பாக அடித்து இறுக்குங்கள். மடக்கு வகை என்றால் போல்ட்டை முறுக்குங்கள்.

துருவியின் பற்களுக்குச் சிறிய முக்கோண அரம். ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணி மூன்று முறை, அதற்கு மேல் வேண்டாம். பள்ளம் ஆழமானால் பற்கள் மெலிந்து, தேங்காய் ஓட்டில் பட்டதும் ஒடியும்.

மகன் வில்வித்தை பழகுகிறான். அவன் அம்புமுனைகளையும் கல்லில் தீட்டிக் கொடுக்கலாமா?

வேண்டாம். இலக்குப் பயிற்சிக்கான முனை கூராக இருக்கத் தேவையில்லை. உருண்டு கூம்பியிருப்பதால்தான் அட்டையைக் கிழிக்காமல் உருவ வருகிறது. தேய்த்தால் எடையும் குறையும். 100 கிரெய்ன் முனை வெறும் 6.5 கிராம்தான், சில முனைகளில் மட்டும் கொஞ்சம் குறைந்தாலும் அம்புகள் ஒன்றுபோலப் பறக்காது. முனை நசுங்கியிருந்தால் புதிதாக மாற்றுங்கள். அலகு வைத்த வேட்டை முனைகளின் பேச்சே வேண்டாம்: அவை பயிற்சி இலக்கைச் சிதைக்கும், அனுமதியின்றிக் காட்டு விலங்கைக் கொல்வது சிங்கப்பூரில் குற்றம்.

இழுத்தால் கூராகும் சிறு கருவியும் மின்சாணையும் நல்லவையா?

கார்பைட் பதித்த இழுப்புக் கருவி தீட்டுவதில்லை, உலோகத்தைச் சுரண்டுகிறது. மலிவான கத்திக்குப் பரவாயில்லை. 60க்கு மேல் கடினமான கத்தியை அதில் விடாதீர்கள், விளிம்பு உதிரும். உலர்ந்த மின்சாணையில் ஆபத்து வெப்பம். மெல்லிய விளிம்பு நொடியில் சூடாகி நீலம் பாய்ந்தால் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தின் பதம் போய்விட்டது. எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது, நிறம் மாறிய பகுதியை மெதுவாகத் தேய்த்தே அகற்ற வேண்டும்.

இரும்புக் கத்தி ஒரே இரவில் துருப்பிடிக்கிறது.

புளி, எலுமிச்சை, வெங்காயம் வெட்டியதும் அப்போதே கழுவித் துடையுங்கள். தட்டுவைக்கும் கூடையில் நிற்கவிடாதீர்கள். உணவுத்தர மினரல் ஆயில் இரண்டு சொட்டு தேய்த்து வையுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். சாம்பல்நீலமாக நிறம் மாறுவது கெடுதல் அல்ல, அது துருவைத் தடுக்கும் படலம். செம்பழுப்பாக விரலில் ஒட்டுவதுதான் துரு. சமையல் சோடாவைக் குழைத்து, பழைய கார்க்கால் தேய்த்து எடுங்கள்.

பழைய கத்திகளை எப்படி அப்புறப்படுத்துவது?

குப்பைக் குழாயில் வெறுமனே போடாதீர்கள். கீழே எடுப்பவர் கை இருக்கிறது. தடித்த அட்டையை இரண்டாக மடித்து அலகை உள்ளே வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மேலே 'கத்தி' என்று எழுதிப் போடுங்கள். தீட்டக் கொடுக்க வெளியே கொண்டுபோகும்போதும் இப்படியே சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பது இங்கே குற்றம். ஆகவே கடைக்குப் போய் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள்.