அவன் "கூ"ன்னு சொன்னான், நான் குதிச்சேன், அது தப்பா அக்கா?

கேள்வி (பாம்பன் வாசகி): அக்கா, என் மகனுக்கு மூணரை வயசு, டவுன் சிண்ட்ரோம். நான் பாசி எடுக்க கடலுக்குப் போறவ, அவரு விசைப்படகுல போறாரு. போன வாரம் ரோட்டுப் பாலத்துல நின்னு ரயில் போறதப் பாத்துக்கிட்டு இருந்தோம், இவன் கைய நீட்டி "கூ"ன்னான், முதல் தடவையா. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு. வீட்டுக்கு வந்து சொன்னா மாமியார், "மத்த பிள்ளைங்க இந்த வயசுல பாட்டே பாடுது, நீ கூவுக்குப் போயி குதிக்கிற"ன்னுட்டாங்க. சொந்தக்காரங்க வந்தாலும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரிதான் உக்காந்துட்டுப் போறாங்க. ஆனா நான் அவனோட சந்தோஷமாத்தான் இருக்கேன் அக்கா. நெஜத்தை ஏத்துக்காம இப்படி இருக்கேனோன்னு ராத்திரில பயம் வருது.

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், "கூ" ஒரு வார்த்தை. ரயிலப் பாத்தான், கைய நீட்டுனான், அதுக்குன்னு ஒரு சத்தம் போட்டான், அதுவும் நீ பாக்கணும்னு உன்கிட்ட சொன்னான், பேச்சுன்னா இதுதான். என் மகளுக்கு இப்ப பன்னெண்டு வயசு, அவளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான், அவளோட முதல் வார்த்தை "மா" கூட இல்ல, "பா", அது அப்பாவும் இல்ல, பால். அன்னைக்கு நான் தெருவுல இருக்கவங்க எல்லார்கிட்டயும் போயி சொன்னேன்.

இந்தப் பிள்ளைங்களுக்கு உடம்புல தசை கொஞ்சம் தளர்வா இருக்கும், நாக்கு, உதடு எல்லாமே அப்படித்தான், அதனால மனசுக்குள்ள இருக்குறது வாய்க்கு வந்து சேர லேட்டாகும். நாம சொல்றது அவங்களுக்குப் பெரும்பாலும் புரியும், திருப்பிச் சொல்றதுதான் சிரமம். அதுக்குத்தான் கை சைகை சொல்லிக் குடுக்கச் சொல்றாங்க, "இன்னும் வேணும்", "போதும்", "தண்ணி", இந்த மூணு போதும் ஆரம்பத்துக்கு. சைகை பழகுனா பேசவே மாட்டான்னு யாராச்சும் சொல்லுவாங்க, கேக்காத, சைகை பேச்சுக்குக் குறுக்க நிக்காது. இன்னொண்ணு, காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டு கேட்கிறது கொறையிறது இவங்களுக்கு அடிக்கடி உண்டு, அதனால வருஷத்துக்கு ஒரு தடவை காது டெஸ்ட், தைராய்டு டெஸ்ட் ரெண்டையும் விட்டுறாத. இதயத்தையும் எக்கோ எடுத்துப் பாத்திருப்பீங்கன்னு நெனைக்கிறேன், இல்லன்னா இந்த மாசமே எடுத்துருங்க.

நீ எழுதல, ஆனா நீ கேட்காமலே சொல்றேன். பிள்ளை வயித்துல இருக்கும்போது நீ கடல்ல இறங்குனதால இது வரல, கிரகணத்தப் பாத்ததால வரல, எதையோ சாப்பிட்டதால வரல. 21ஆவது குரோமோசோம் எல்லாருக்கும் ரெண்டு இருக்கும், இவனுக்கு மூணு, கரு உண்டாகும்போதே நடந்து முடிஞ்ச விஷயம் அது. 1959லயே கண்டுபிடிச்சிட்டாங்க. யாராவது உன் மேல பழி போட்டா இதை அப்படியே சொல்லு.

இப்ப சந்தோஷத்துக்கு வர்றேன். எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கான், அவன் எப்ப கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து ஒரு பொருள எடுத்தான்னு கேட்டா எனக்குத் தெரியாது, சத்தியமா ஞாபகம் இல்ல. சின்னவளுக்கு எனக்கு நல்லாத் தெரியும். ஐப்பசி மழை, கரண்ட் இல்ல, வாடைக்காத்து கதவ அடிக்குது, தட்டுல கொஞ்சம் பொரி போட்டு தரையில உக்காந்திருந்தோம். அவ எப்பவும் உள்ளங்கையால வாரித்தான் எடுப்பா, பாதி கீழ கொட்டும். அன்னைக்கு ஒரே ஒரு பொரிய குறி வச்சா. மூணு தடவை வழுக்கிருச்சு, நாலாவது தடவை ரெண்டு விரலுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. வாயில போடல, சிம்னி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு எனக்குக் காட்டுனா. அந்த ஒரு பொரிக்குப் பின்னாடி எட்டு மாசம் மாவு பிசைஞ்சது, நெத்திலி தலை கிள்ள வச்சது, கிளிப் மாட்டிக் கழட்டுனது எல்லாம் இருக்கு. அதத் தெரிஞ்சவளுக்குத்தான அந்தப் பொரியோட கனம் தெரியும்?

அதனால நெஜத்தை ஏத்துக்காம இருக்கியோன்னு பயப்படாத. நெஜம் தெரியாதவங்களுக்கு "கூ" வெறும் சத்தம். உனக்கு அழுகை வர்ற நாளும் இருக்கும், ஸ்கேனுக்குக் காத்திருக்கிற நாள், இவன விட சின்னப் பிள்ளை சைக்கிள் ஓட்டிட்டுப் போற சாயங்காலம், எனக்கு இன்னும் வருது. அந்த நாளும் நெஜம், பாலத்து மேல நின்ன நாளும் நெஜம். உன் மாமியாருக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்காத, ஒரு நாள் ரயில் வர்ற நேரத்துக்கு அவங்களையும் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போ. 2022 டிசம்பர்ல பழைய ரயில் பாலத்துல ரயில் ஓடுறது நின்னதுல இருந்து புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல தொறக்குற வரைக்கும் அவங்களுக்கே ரயில் பாக்காம ஏக்கமா இருந்திருக்கும். அவன் கைய நீட்டும்போது அவங்க பக்கத்துல நிக்கட்டும்.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): அக்கா, எனக்கு நாலு வயசு மக. பிறக்கும்போதே வந்த செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராதது), இடது பக்கம் கை மடங்கியே இருக்கும், நடக்கிறா, கொஞ்சம் இழுத்து நடப்பா. படகுக்குப் போனா மறுநாள்தான் வருவேன், வந்தாலும் தூக்கம்தான். மீன்பிடித் தடைக்காலம் வந்தா 61 நாள் வீட்ல இருப்பேன், என் சம்சாரம் எல்லா பயிற்சியும் செய்யிறா, எனக்கு என்ன செய்யணும்னே தெரியல, பக்கத்துல போனா "அம்மாட்ட போ"ங்குறா.

பதில்: தம்பி, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும்தான தடை, நம்ம பக்கம் நுங்கு வர்றதும் அந்த நேரத்துலதான், இத விட என்ன வேணும் உங்களுக்கு? பயிற்சின்னு எதையும் செய்யாதீங்க, அது அம்மா டிபார்ட்மெண்ட்டாவே இருக்கட்டும். நீங்க வெளையாடுங்க.

நுங்கு வெட்டி வாங்கிட்டு வந்து அவ மடியில குடுங்க. வலது பெருவிரலால நோண்டணும்னா இடது கை அதப் புடிச்சே ஆகணும், இல்லன்னா உருண்டு ஓடிரும். நீங்க "இடது கைய வை, இடது கைய வை"ன்னு சொல்லவே வேண்டாம், நுங்கே சொல்லிரும். கை விரியலன்னா அவசரப்பட்டு இழுக்காதீங்க, மணிக்கட்டுல உங்க கையை வச்சுத் தாங்குங்க போதும், மெதுவா தொறக்கட்டும். நுங்க முழுசா வாயில போட விடாதீங்க, வழுக்கிட்டு தொண்டைக்குள்ள போயிரும், மசிச்சுக் குடுங்க.

நுங்கு சாப்பிட்டது போக மிச்சமிருக்குற காய்க் கூந்தல வச்சு வண்டி பண்ணுங்க, ரெண்டு கூந்தலுக்கு நடுவுல ஒரு குச்சி, தள்ளுறதுக்கு நீளமா ஒரு கவட்டைக் குச்சி. நம்ம எல்லாரும் ஓட்டுனதுதான. அவளுக்குப் பண்ணும்போது மட்டும் மேல குறுக்க ஒரு கட்டை கட்டி ரெண்டு கையாலயும் புடிக்கிற மாதிரி பண்ணிருங்க, இடது கை புடிக்கிற இடத்துல பழைய வலைத்துண்டச் சுத்துனா வழுக்காது. முதல்ல சிமெண்ட் தரையில ஓட்டட்டும், மணல்ல வேண்டாம், மணல்ல சக்கரம் புதையும், அவளுக்கு எரிச்சல் வரும். அப்புறம் கயிறு இழுக்க விடுங்க, ஒரு டப்பாவ கயித்துல கட்டி ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுத்தா மீன் வரும், டப்பாக்குள்ள நீங்க என்ன வைக்கிறீங்களோ அதுதான் மீன்.

"அம்மாட்ட போ"ங்குறது கோபம் இல்ல தம்பி, உங்களத் தெரியாததுதான். ரெண்டு வாரத்துல உங்களத் தேட ஆரம்பிப்பா பாருங்க. ஜூன் 15 காலையில படகுக்குப் போறப்ப மட்டும் தூங்கும்போது நைசா கிளம்பிராதீங்க, எழுப்பி சொல்லிட்டுப் போங்க.

கேள்வி (ராமேஸ்வரம் வாசகி): என் மகனுக்கு அஞ்சு வயசு, ஆட்டிசம். அடையாள அட்டைக்கு ராமநாதபுரம் போகணும்ங்கிறாங்க. கூட்டத்தையும் சத்தத்தையும் பாத்தா காதப் பொத்திக்கிட்டு கத்துவான், அதுக்குப் பயந்துக்கிட்டே ஒரு வருஷமா போகல.

பதில்: போயிருங்கம்மா, தள்ளிப் போடாதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு. அந்த அடையாள அட்டை, அதாவது யுடிஐடி கார்டு இருந்தாத்தான் உதவித்தொகை, பஸ் சலுகை, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டோட நிராமயா இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் சுலபமா இருக்கும், நிராமயாவுல வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், தெரபிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆறு வயசுல இருந்து பதினெட்டு வரைக்கும் இலவசப் படிப்பும் அவனுக்கு உரிமை, பக்கத்துப் பள்ளிக்கூடத்துல "முடியாது"ன்னு சொன்னா கல்வித் துறையோட வட்டார வள மையத்துல இருக்குற சிறப்பு ஆசிரியரப் போயிப் பாருங்க.

போற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எங்க போறோம்னு போட்டோவா போன்ல காட்டுங்க, பஸ், பெரிய ஆஸ்பத்திரி, டாக்டர், திரும்பி வீடு, இந்த வரிசையில. காதுக்கு ஹெட்போன், கையில அவனுக்குப் புடிச்ச சாமான், வழக்கமா திங்கிற பண்டம், இது மூணும் பையில இருக்கட்டும். கத்துனா கத்தட்டும், டாக்டர் பாக்க வேண்டிய பிள்ளைதான அவன், நீங்க யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்காதீங்க. முதல் பஸ்ஸுக்கே கிளம்பிருங்க, அப்பத்தான் ஜன்னல் சீட்டு கிடைக்கும். போகும்போது இடது பக்கமா வலது பக்கமான்னு கண்டக்டர்கிட்ட கேட்டு ரயில் பாலம் தெரியிற பக்கம் உக்கார வைங்க.