மூச்சு பாதியிலேயே முட்டுகிறதே?

கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் 2-ஆம் சிம்பொனி, மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் வரும் நீண்ட கிளாரினெட் தனி வாசிப்பைப் பழகுகிறேன். பாதியிலேயே மூச்சு முட்டுகிறது. நுரையீரல் பலப்படட்டும் என்று தினமும் கோட்டை மலை ஏறுகிறேன். போதுமா?
- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மலை ஏறுவதை விடாதீர்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் உங்களுக்குக் குறைவது காற்று இல்லை என்றே நினைக்கிறேன். ரீடுக்கும் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் தகடு) மௌத்பீஸுக்கும் (வாயில் வைத்து ஊதும் முனை) நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது, காற்று மெதுவாகத்தான் செலவாகும். அதனால் பழைய காற்று உள்ளேயே தங்கி, கரியமில வாயு சேர்ந்து, அதன் மேல் நீங்கள் இன்னும் இன்னும் இழுக்கும்போதுதான் நெஞ்சு இறுகி, தோள் தூக்கி, சுருதியும் ஆடுகிறது. முதலில் மிச்சத்தை வெளியே விடுங்கள், அப்புறம் இழுங்கள். இரண்டுக்கும் நேரம் இல்லையா? சரி, ஒரு இடத்தில் விடுவது, அடுத்த இடத்தில் இழுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேல்பல்லை மௌத்பீஸிலிருந்து எடுக்காமல் வாயோரமாக இழுத்தால் உதட்டின் பிடி கலையாது.

மூச்சை விடும், இழுக்கும் இந்த இடங்களை இன்றே இசைத்தாளில் பென்சிலால் குறியுங்கள். மேடையில் பதற்றத்தில் மூச்சு சீக்கிரம் தீரும், இசைக்குழுவை நடத்துபவரும் தாளத்தை இன்னும் மெதுவாக்கலாம், அதற்காக அடைப்புக்குறிக்குள் கூடுதலாக இரண்டு இடங்கள் இருக்கட்டும்.