பீக் வளையத்தின் மேல்தோல் மட்டும் ஏன் பழுப்பாகிறது?

டர்பனில் மோல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி கேட்டது இது: பீக் (PEEK) என்ற, அதிக வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கில் வார்த்த வளையம் உள்ளே வெளிர்நிறமாகவும், மேல்தோல் மட்டும் கண்ணாடி மாதிரி பழுப்பாகவும் வருகிறதே, ஏன்?

அச்சில் சூடு போதவில்லை, தம்பி. பீக் உருகுவது சுமார் 343 டிகிரி செல்சியஸில். 143 டிகிரிக்குக் கீழே போனால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அசைவற்று உறைந்துவிடும். அந்தச் சங்கிலிகள் ஒழுங்காக மடிந்து அடுங்கிய படிகம் வளர்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான். ஆறிய அச்சைத் தொட்ட தோலுக்கு, சங்கிலிகளை மடித்து அடுக்க நேரமே கிடைப்பதில்லை; படிகமாகாமல் பழுப்புக் கண்ணாடி மாதிரியே நின்றுவிடுகிறது.

படிகத்திலும் வித்தியாசம் உண்டு. உருகுநிலைக்குப் பக்கத்தில் கருக்கள், அதாவது படிகம் தொடங்கும் புள்ளிகள், குறைவு. மடிந்த சங்கிலிகளாலான தகடுகள் தடிமனாகி, அவை சேர்ந்து உண்டாகும் உருண்டைகள் பெரிதாகும். வெப்பம் குறைந்தால் கருக்கள் ஏராளம், தகடுகள் மெலிசு. சர்க்கரைப் பாகை அவசரமாகக் குளிரவிட்டால் பொடிமணியாக வருமே, ஏறக்குறைய அப்படி. (சர்க்கரையில் சங்கிலி மடிப்பு கிடையாது, ஒப்புமை அத்துடன் சரி.)

அச்சை 170 முதல் 200 டிகிரியில் வையுங்கள். ஏற்கெனவே வார்த்தவற்றை 200 டிகிரி அடுப்பில் சில மணிநேரம் வைத்தால் தோலும் படிகமாகும். கொஞ்சம் சுருங்கும், அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.